கயிற்று ஆபீஸ் கலாதேவி

கலாக்கா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பதினாறு வருடம் ஒரே ஆபீசில் வேலை பார்த்திருக்கிறோம். சாப்பாட்டுப் பொட்டலத்தை ஜன்னலோரம் நின்றுகொண்டே பிரிப்பார், நின்றுகொண்டே முடிப்பார். மீட்டிங் நடந்தால் கதவருகே கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார். போன் வந்தால் படியிறங்கி, ரோட்டைத் தாண்டி, எதிரே உள்ள ஒட்டுக்கடையை ஒரு சுற்றுச் சுற்றிப் பேசி முடித்துத் திரும்பி வருவார். "ஒரு நிமிஷம் உக்காருங்களேன், பாக்குற எனக்கே தல சுத்துது" என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். "அதான் நீ உக்காந்தே இருக்கியே, ஒரு ஆபீசுக்கு அது போதும்லா" என்பார். எனக்கு வாய் நீளம். அவருக்கு அதைவிட நீளம்.

எங்கள் ஆபீசுக்கு முறையான பெயர் ஒன்று உண்டு. நம் மனை அறவாரியம். ஈப்போ பக்கத்துப் புந்தோங்கில் அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "கயித்து ஆபீஸ்" என்று கேளுங்கள், கச்சாங் பூத்தே கடைக்கு மேல்மாடி என்று கை காட்டுவார்கள். கீழே நாள் முழுக்கக் கடலையும் முறுக்கும் பொரிகின்றன. எங்கள் வரைபடங்களில் எல்லாம் அந்த எண்ணெய் வாசனைதான். ரப்பர்த் தோட்டம் விற்கப்பட்டதும் "ரெண்டே வருஷம்" என்று சொல்லித் தகரக் கூரை நீள்வீட்டில் தள்ளப்பட்டு, இருபது வருடமாக அங்கேயே கிடக்கிற குடும்பங்கள் பேராக் மாநிலத்தில் ஏராளம். அவர்களுக்காக நிலம் கேட்டு எழுதுவோம். நிலம் கிடைத்தால் அவர்களோடு சேர்ந்து வீடு வரைவோம், மலிவாகக் கட்டிக் கொடுப்போம்.

இதை ஆரம்பித்தவர் அருளம்பலம் அங்கிள், பொதுப்பணித் துறையில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாளிலிருந்து அவரோடு இருப்பவள் நான், வரைபடக்காரி சுபாஜினி. இரண்டு பேருமே யாழ்ப்பாணத்து வம்சம். ஈப்போவில் தனித்தனி பங்களாவில், சாமிக்கென்று ஓர் அறை வைத்து வளர்ந்தவர்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் ஒரு நாள் இருந்தறியாதவர்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாங்கள் செய்த முதல் கோளாறே இங்கிருந்துதான் வந்தது.

2008. ஹுத்தான் மெலிந்தாங் போகிற வழியில் பன்னிரண்டு வீடுகள். ஒரு வீட்டை அழகாக வரைந்து, அதையே பன்னிரண்டு தடவை பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன். வலது மூலையில் கக்கூஸ், இடது மூலையில் சின்ன ஸ்டோர். பால் காய்ச்சுகிற நாள் காலையில் ஒரு குடும்பம் அந்த ஸ்டோரில் சாமிப் படத்தை வைக்கப் போனது. வேறு எங்கே வைப்பார்கள்? அது ஒன்றுதான் ஒதுக்கமான இடம். அப்போதுதான் யாரோ கேட்டார்கள், இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன என்று. பக்கத்து வீட்டுக் கக்கூஸ். முனை வீட்டைத் தவிர மீதிப் பதினொன்றிலும் அப்படித்தான். ஒருவரும் உள்ளே போகவில்லை. பால் சொம்போடு வெயிலில் நின்றார்கள். எனக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

அந்தச் சைட்டில் சிமெண்டு கலக்குகிற கூலியாக இருந்தவர் கலாதேவி. வயது அப்போது முப்பத்தெட்டு. சுவர் எழும்பும்போதே வேலையை மேற்பார்த்த மண்டோரிடம் சொல்லியிருக்கிறார். உன் வேலையைப் பார் என்று அவன் விரட்டியிருக்கிறான். அன்று முட்டி வரை சிமெண்டோடு நேராக என்னிடம் வந்தார்.

"இத வரஞ்சது யாரு? நீயா?"

"ஆமா."

"கோட்டையே பாத்துக்கிட்டு இருந்தா எப்படிலா தெரியும்? உள்ள நின்னுல்ல பாக்கணும்."

"கட்டி முடிச்ச அப்பறம்தானே உள்ள நிக்க முடியும்?" என்றேன். எனக்கும் கோபம்.

அவர் விறுவிறுவென்று லோரிப் பக்கம் போனார். லோரியில் கிடந்த மஞ்சள் நைலான் கயிற்றை இழுத்து வந்தார். பக்கத்துத் திடலில் முளை அடித்து, என் வரைபடத்தில் இருந்த அளவுக்கே ஒரு வீட்டைத் தரையில் கட்டிக் காட்டினார். சுவர் இருக்க வேண்டிய இடமெல்லாம் கயிறு, கதவு இருக்க வேண்டிய இடமெல்லாம் இடைவெளி. வாசலில் நின்ற ஜனங்கள் அந்தக் கயிற்று வீட்டுக்குள் போய் நின்று, கட்டில் இங்கே, அடுப்பு இங்கே, சாமி அங்கே என்று அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார்கள். நான் நாலு மாதம் உட்கார்ந்து வரைந்தது அரை மணியில் கவிழ்ந்தது. கக்கூஸ்களை இடித்து இடம் மாற்றிக் கட்டிக் கொடுத்தோம். அடுத்த வாரம் அருளம்பலம் அங்கிள் கலாக்காவை வேலைக்கு எடுத்தார்.

அன்றிலிருந்து எங்கள் வழக்கம் இது. எந்தத் தோட்டத்து ஜனமானாலும், அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழு அளவில் கயிற்று வீடு. குடும்பத்தோடு வர வேண்டும், பாய் விரிக்க வேண்டும், குசினியில் அடுப்பு வைத்துத் தேத்தண்ணி போட வேண்டும், மத்தியானம் வரை உள்ளேயே இருக்க வேண்டும். எல்லாக் குடும்பமும் சரி என்று சொன்னால்தான் பட்டியலில் கையெழுத்து. லயத்தில் எந்த வரிசையில் இருந்தார்களோ அதே வரிசையில்தான் புது வீடும். பக்கத்துக் கதவு மாறாது.

கலாக்கா பார்க்கச் சொல்லிக் கொடுத்தது வேறொன்று. சிலிப்பர். சுவர் இல்லை, கூரை இல்லை, நாலு முளையும் கயிறும்தான். ஆனாலும் ஜனங்கள் வாசல் இடைவெளியில் சிலிப்பரைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். "எங்க கழட்டுறாங்கன்னு பாரு. முன்வாசல்ல கழட்டுனா முன்வாசல் வூடு. பின்னால கழட்டுனா குசினிப் பக்கம்தான் அவங்க வாசல். அத மொதல்ல பெருசாக்கு." நானோ அளவு பார்க்கிற அவசரத்தில் கயிற்றைத் தாண்டிக் குதித்துப் போவேன். எனக்கு அது கோடுதானே. "ஏய் சுபா! செவுத்து மேலயா நடக்குற?" என்று திடலின் அந்தக் கோடியிலிருந்து சத்தம் வரும். பதினாறு வருடத்தில் இந்த ஏச்சை எத்தனை தடவை வாங்கினேன் என்று கணக்கில்லை, திருந்தியதும் இல்லை.

இத்தனை பேருக்கு வீடு அளந்த மனுஷிக்கு வீடு கிடையாது. பிறந்தது பீடோர் பக்கம் கிளேர்மோர் தோட்டத்தில். எங்கள் ஜனங்கள் வாயில் அது கெலமூர். இருபது கதவு லயம், அதில் பதினாலாம் நம்பர். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்கள், இருவரும் அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள். தோட்டம் கைமாறியபோது மற்றவர்கள் நீள்வீட்டுக்குப் போனார்கள். கலாக்கா கைக்குழந்தை ஷாமினியோடு புந்தோங்குக்கு வந்தார். புருஷன் ஜொகூருக்கு லோரி ஓட்டப் போனவன், லோரியோடு போனவன்தான். அன்றிலிருந்து ஒன்பது வாடகை வீடுகள். சாமான்களை மைலோ அட்டைப்பெட்டியை விட்டு வெளியே எடுப்பதில்லை. சுவரில் ஆணி அடித்ததில்லை. அம்மா அப்பா படம் எப்போதும் தரையில் சாய்த்தபடிதான். ஷாமினி இப்போது ஜொகூரில் நர்ஸ். அங்கே கூப்பிட்டால், "அவ வாடக வூட்டுல நான் போயி பத்தாவதா?" என்பார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2012இல் எங்கள் செயற்குழு ஆள் ஒருவர் தன் மச்சானுக்கு வரிசை தாண்டி வீடு வாங்கிக் கொடுத்துவிட்டார். கலாக்கா கோயில் மண்டபத்தில் எல்லார் முன்னாலும் அந்த ஆளை நிற்க வைத்துக் கேட்ட கேள்வியில் அவர் அன்றே விலகிப் போனார். அப்போது ஒரு விதி எழுதினோம். அறவாரியத்தில் வேலை பார்க்கிற எவரும் வீடு கேட்கக் கூடாது. விலக்கு என்ற பேச்சே கிடையாது. எழுதச் சொன்னவர் கலாக்கா. தட்டச்சு செய்தவள் நான்.

போன வருடம் கெலமூருக்கே நிலம் வந்தது. பதினோரு வருடம் எழுதிய கடிதங்களுக்குப் பலனாக, தோட்டத்தை வாங்கியவர்கள் ரோட்டோரம் மூன்று ஏக்கர் விட்டுக் கொடுத்தார்கள். இருபது மனை. பட்டியலைத் தயாரித்தவர் கலாக்கா. திங்கட்கிழமை அது மாவட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டும். போய்விட்டால் ஒரு பெயரையும் மாற்ற முடியாது. வியாழக்கிழமை நான் அதை வரைபடத்தில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பெயர்கள் பத்தொன்பதுதான். இருபதாவது மனையில் "காத்திருப்போர்" என்று எழுதியிருந்தது. பழைய லயத்து நம்பர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பதிமூன்று செல்லாயி. அதற்கு அடுத்து நேராகப் பதினைந்து. பதினாலைக் காணோம். பதினைந்திலிருந்து எல்லாரையும் ஒரு மனை முன்னால் இழுத்து, இடைவெளியே தெரியாமல் மூடிவைத்திருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படியில் மடக்கினேன்.

"பதினாலு எங்கக்கா?"

"வெதி இருக்குல்ல. நீதானே டைப் அடிச்ச."

"அங்கிள்கிட்ட கேளுங்க. செயற்குழு கூடி விலக்கு குடுக்கும்."

"அன்னிக்கி அந்தாளோட மச்சானுக்கு ஒரு ஞாயம், எனக்கு ஒரு ஞாயமா? வாய கழுவு."

"அப்ப வேலய விடுங்க! திங்கக்கெழமைக்குள்ள ஒரு காகிதம் எழுதிக் குடுத்தா போதும். விதியும் உடையாது, வீடும் கெடைக்கும்."

இரண்டு படி இறங்கினார், மூன்று படி ஏறினார்.

"வூட்டுக்காரரு இப்ப இருக்குற வூட்ட விக்கப் போறாராம். டிசம்பருக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாரு" என்றார்.

"அதான் சொல்றேன்!"

"வூடு கெடச்சிருச்சின்னு வச்சிக்க. வேல இல்ல. கயிறு இல்ல. நான் என்னா செய்யிறது அங்க? உக்காந்திருக்கவா?" படிக் கைப்பிடியைத் தேய்த்தார். "எனக்கு ஒரு எடத்துல இருக்கத் தெரியாது சுபா. பயமா இருக்கு."

பதினாறு வருடத்தில் அவர் பயம் என்று சொல்லிக் கேட்டது அன்றுதான். ஆனால் எனக்குப் பொறுமை கிடையாதே. "பயந்தா பத்தாவது வாடகைக்குப் போங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். சொன்ன நாக்கை அறுக்கலாம். அவர் இறங்கிப் போய்விட்டார்.

வெள்ளியும் சனியும் அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கயிற்றை எல்லாம் பக்கெட்டில் ஊற வைத்துத் துவைத்தார். மாடி முழுக்கக் காயப் போட்டார். ஏற்கெனவே எண்ணிய முளைகளை மறுபடி எண்ணினார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பீடோருக்குப் போய்த் திடலைப் பார்த்துவிட்டு வந்தார், மத்தியானம் மறுபடியும் போனார். என்னோடு ஒரு பேச்சில்லை. நானும் வீட்டில் ஒரு வேலை ஓடாமல் அறைக்கு அறை நடந்தேன். அங்கிளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "விலக்கு குடுக்கலாம், நான் கேட்டும் பார்த்திட்டன் பிள்ளை. பேசிக்கொண்டிருக்கவே போனை வைச்சிட்டா" என்றார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் திடலில் இருபது கயிற்று வீடுகள் நின்றன. சுற்றிலும் செம்பனை மரங்கள், நடுவில் மஞ்சள் கோடுகள். கெலமூர் ஜனம் பாய், தலையணை, காஸ் அடுப்பு, சாமிப் படம் சகிதமாக லோரியில் வந்து இறங்கியது. அவரவர் வாசலில் சிலிப்பரைக் கழற்றி உள்ளே போனார்கள். முக்கால்வாசிப் பேர் பின்வாசலில். இருபதாவது வீடு மட்டும் காலி. கலாக்கா தோளில் மிச்சக் கயிற்றைச் சுற்றிக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைந்தார். முளையை உதைத்துப் பார்த்தார். இறுகியிருந்ததை அவிழ்த்து மறுபடி இறுக்கினார்.

எல்லாரும் வந்தாயிற்றா என்று பார்க்கப் பெயர் கூப்பிட வேண்டும். அங்கிள் அந்தப் பட்டியலைச் சின்னையாவிடம் கொடுத்தார். சின்னையா கெலமூரின் பழைய மண்டோர். முப்பது வருடம், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் விடியும் முன்னே நின்று ஆள் கூப்பிட்ட தொண்டை. எழுபது வயதிலும் அந்தத் தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. காகிதத்தை வாங்கினார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு லயத்து நம்பரைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

"ஒண்ணு!"

"இருக்கேன்!"

"ரெண்டு!"

"இருக்கோம்லா!"

சிரிப்பும் சத்தமுமாக ஓடியது. நான் அங்கிளைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். காகிதத்தைப் பாருங்கள் என்று சொல்லப் போனவரின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன்.

"பதிமூணு!"

"இருக்கேன்" என்றார் செல்லாயி, குசினியில் தேத்தண்ணிச் சட்டியோடு.

"பதினாலு!"

பதினாலாவது கயிற்று வீட்டில் நின்றிருந்த ரூபன் குடும்பம் லயத்தில் பதினைந்து. அவர்கள் தங்கள் நம்பருக்காகக் காத்திருந்தார்கள். கலாக்கா குனிந்து ஒரு முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

சின்னையா கண்ணைத் திறந்தார். "பதினாலு!" என்றார், இன்னும் உரக்க.

"அண்ணே, அது இல்ல. அடுத்தத கூப்புடுங்க" என்றார் கலாக்கா, தலை நிமிராமல்.

"எப்படி இல்லாமப் போவும்? ஒங்கப்பன் இருவத்தாறு வருஷம் அந்த நம்பருக்குப் பதில் சொன்னாரு. பெரட்டுச் சட்டம் தெரியும்ல ஒனக்கு? மூணாவது தடவ கூப்புட்டும் பதில் இல்லன்னா பேர வெட்டிருவேன். அப்பறம் அழுதாலும் சேக்க மாட்டேன்."

செல்லாயி சட்டியைக் கீழே வைத்தார். வைத்தவர் பின்வாசல் வழியாக வெளியே வந்து சிலிப்பரையும் மாட்டிக்கொண்டார். "இந்தா பாரு கலா. என் பக்கத்துக் கதவு நீதான். நீ இல்லன்னா நான் உள்ள போவ மாட்டேன். நான் சரின்னு சொல்லாம ஒங்க ஆபீஸ் கையெழுத்து வாங்கிருவீங்களா?"

வாங்க முடியாது. அதுவும் எங்கள் விதிதான். கலாக்கா எழுதச் சொன்னதுதான். திடலே அவரைப் பார்த்தது. அவர் கையில் முடிச்சு அவிழவுமில்லை, இறுகவுமில்லை. எனக்கு அழுகை முட்டியது. கூடவே கோபமும். சொல்லித் தொலையுங்களேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் இந்த ஒரு தடவை வாயை மூடிக்கொண்டேன்.

"பதினாலு!" என்றார் சின்னையா மூன்றாவது தடவை. குரல் செம்பனைக் காட்டுக்குள் போய்த் திரும்பியது.

கலாக்கா நிமிர்ந்தார். நேராக என்னிடம் வந்தார். தோளிலிருந்த கயிற்றுச் சுருளைக் கழற்றி என் கையில் திணித்தார்.

"புடி."

பிறகு அங்கிளைப் பார்த்து, "ஐயா, வேலய வுட்டுட்டேன். காகிதம் நாளைக்கி விடிஞ்சதும் வரும்" என்றார். திரும்பி, சின்னையாவை விட உரக்கக் கத்தினார்.

"இருக்கேன்!"

அப்புறம் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ரூபன் பாயைச் சுருட்டினான். அவன் பெண்டாட்டி அடுப்பைத் தூக்கினாள். பதினைந்திலிருந்து இருபது வரை ஆறு குடும்பங்களும் தலையணையும் சட்டியும் சாமிப் படமுமாக ஒரு வீடு தள்ளிக் குடிபோயின. ஒருத்தர்கூடக் கயிற்றைத் தாண்டவில்லை. வாசல் வழியாக வெளியே வந்து, சிலிப்பர் மாட்டி, பத்தடி நடந்து, சிலிப்பர் கழற்றி, அடுத்த வாசல் வழியாக உள்ளே போனார்கள். எத்தனையோ தடவை காலி பண்ணச் சொல்லிக் கேட்டுப் பழகிய ஜனம். சிரித்துக்கொண்டே வீடு மாறியதை அன்றுதான் பார்த்தேன்.

பதினாலு காலியானது. கலாக்கா உள்ளே போகவில்லை. கயிற்றைச் சுற்றி வெளியே ஒரு தடவை நடந்தார். இரண்டாவது தடவை நடந்தார். நாலு மூலையையும் தொட்டுப் பார்த்தார். மூன்றாவது சுற்றில் பின்வாசலில் நின்றார். வலது காலைத் தூக்கினார், கீழே வைத்தார். செல்லாயி தன் குசினியிலிருந்து பார்த்தும் பார்க்காதவர் போலத் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தார். கலாக்கா சிலிப்பர் இரண்டையும் கழற்றினார். ஓரமாக ஒன்றுசேர்த்து வைத்தார். உள்ளே போய்க் குசினி நடுவில் நின்றார். புடவைக் கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி மெதுவாக, அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அங்கிள் கண்ணாடியைத் துடைத்தார். இரண்டு நிமிடம் இருக்கும்.

"சுபா!" பழைய சத்தம். "இந்தக் குசினிச் செவுரு ஆறு இஞ்சு கொறயுதுலா! எவ அளந்தது? வந்து தள்ளிக் கட்டு!"

"அளந்தது நீங்கதான்க்கா!"

"அப்ப நான் ஆபீஸ் ஆளு. இப்ப வூட்டுக்காரி. வா வா."

கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். முன்பக்கக் கயிற்றைத் தாண்டத் தூக்கிய காலைக் கீழே வைத்தேன். சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். அவருடைய சிலிப்பருக்குப் பக்கத்தில் என்னுடையதைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.